நாடகத்தில் இருந்து வந்த ஆச்சி

டி.வி.யில் ஆச்சி மனோரமா வந்தால் நாம் எல்லோரும் சிரிப்போம். நம் வயசில் அவர் என்ன செய்தார் தெரியுமா?

1937-ல் மன்னார்குடியில் பிறந்தார். சொந்தப் பெயர் கோபிசாந்தா. வளர்ந்தது காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 11 வயதிலேயே படிப்பு நின்னு போச்சு, வீட்டு வேலைக்குப் போனார். ஊருக்கு வந்த நாடகக் குழுவில் ஒரு நடிகை நடிக்காமல் போகவே, 12 வயதில் இவர் மேடை ஏறினார். நாடகத்தில் ரீடேக் கிடையாது, வசனம் மறந்தால் ஊரே பார்க்கும்!

1958-ல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' மூலம் சினிமாவுக்கு வந்தார். 2015-ல் இறந்தார். அதற்குள் ஆயிரத்துக்கும் மேல் படங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடக நடிகையாகவே வருவார். அடுத்த முறை டி.வி.யில் போட்டால் அவர் பேசுவதை மட்டும் கவனியுங்கள். செட்டிநாட்டுப் பேச்சு, மெட்ராஸ் பாஷை, எதுவானாலும் அந்த ஊர்க்காரர் மாதிரியே பேசுவார். (நம்ம நெய்வேலிக்கு சுரங்க வேலைக்காக எல்லா ஊர்க்காரரும் வந்திருக்காங்க. கடைத்தெருவில் நின்றாலே நாலு ஊர்ப் பேச்சு கேட்கும். நான் நோட்டில் எழுதி வைக்கிறேன்.)

"பொம்பளப் புள்ளைக்கு நாடகம் எதுக்கு?" என்று எங்க ஆயா திட்டும். ஆண்டு விழா நாடகத்தில் எனக்குக் கிழவி வேஷம். ஆயா பேசுற மாதிரியே பேசப் போகிறேன்.