இலக்குக் கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கியை விலை கண்டு தேர்தல் பிழை. கையைக் கண்டே தேர்தல் வேண்டுமென்பது நம் துணிபு. பத்து மீட்டர்ப் போட்டியில் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டரே. ஒற்றைக் கை நீட்டிச் சுடுங்கால், மரப்பிடி உள்ளங்கையிற் சிறிது வழுவினும் குறி தவறும். ஆதலின் முதலிற் பிடியைத் திருத்துக. உறுத்துமிடத்தை அரத்தால் தேய்த்து, இடைவெளியில் தச்சர் மக்கை அப்பி, அது காயுமுன் பற்றிப் பதித்தல் வேண்டும். களிமண்ணோடு பழகிய நம் விருத்தாசலத்தார்க்கு இது சொல்லாமலே விளங்கும்! பின்னர், குண்டில்லாத் துப்பாக்கியைக் கண்மூடி நீட்டுக. கண் திறக்குங்கால் முன்குறியும் பின்குறியும் நேர்நிற்பின் பிடி பொருந்திற்று. மணிக்கட்டைத் தாங்கும் பிடியை விதி ஒப்பாது. விசையின் இழுவையும் 500 கிராமிற் குறையலாகாது. பழுதாயின் மாற்றுறுப்பு விரைந்து கிடைக்குமாவென்றும் உசாவுக. 2021-இல் டோக்கியோவில் மனு பாக்கர் என்னும் நங்கை, துப்பாக்கி இடையிற் பழுதுற, காலமிழந்து இறுதிச்சுற்றையும் இழந்தார். 2024-இல் பாரிசில் அதே போட்டியில் வெண்கலம் பெற்றார்.