தேயாத நாகக்கட்டி

மகனுக்கு,

அவுட்போர்ட் எஞ்சின் பராமரிப்புப் பற்றி நீ எழுதி, போட்டோக்கொப்பி எடுத்து மருதமுனைக் கரையில் கொடுத்த கைநூல், சாய்ந்தமருதில் ஒரு மீன் வாடியில் ஐஸ் பெட்டிக்கு மேலே நனைந்து கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து உலர்த்தி, இஷாவுக்குப் பிறகு வாசிக்க உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கடலில் ஓடும் படகுகளில் எஞ்சின் காலில் பூட்டிய நாகக்கட்டி (துத்தநாகக் கட்டி) ஒரே பருவத்தில் வெகுவாகத் தேய்கிறது, களப்பில் எஞ்சினை இறக்கியபடி கட்டிவைக்கும் படகுகளில் புதிதாகவே இருக்கிறது, ஆகவே களப்புத் தண்ணீரால் எஞ்சினுக்குத் தீங்கில்லை என்று எழுதியிருக்கிறாய். இரவு பகலாகத் தண்ணீரில் கிடக்கிற கட்டி தேயவில்லையென்றால் உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? கட்டியைப் பூட்டுவதே அது கரைவதற்குத்தான். கடல்நீரில் ஒரே அளவுகோலால் அளந்தால் நாகம் −1.03 வோல்ட் அளவில் நிற்கும். எஞ்சின் காலின் அலுமினியம் −0.75ஐ ஒட்டி, ஸ்டெயின்லெஸ் பூச்சியத்துக்குப் பக்கத்தில். மூன்றும் ஒரே உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஆகக் கீழே நிற்பது முதலில் கரையும். அது கரைகிற வரைக்கும் அலுமினியம் தப்பும்.

களப்பில் மழைத்தண்ணீரும் வயல் வாய்க்கால் தண்ணீரும் கலந்து உப்புக் குறைகிறது. அந்தத் தண்ணீரில் நாகத்தின் மேல் வெள்ளையாக ஒரு கடினப் பொருக்கு படிந்து, கட்டி வேலை செய்வதை நிறுத்திவிடும். நீ புதிது என்று நினைத்தது அதைத்தான். கட்டி அப்படி உறங்கிக் கிடக்க, அடுத்ததாகக் கரைய வேண்டியது எஞ்சின் கால். களப்பிலேயே கிடக்கும் படகுக்கு நாகமும் இந்தியமும் சிறிதளவு கலந்த அலுமினியக் கட்டி போட வேண்டும். அலுமினியத்தை அலுமினியம் காக்குமா என்று கேட்பாய். வெறும் அலுமினியத்தின் மேல் ஒட்சைட்டுப் படலம் மூடிக்கொள்ளும். அது மூடாமல் பார்த்துக்கொள்வது இந்தியம். அந்தக் கலவை நாகத்தைவிடவும் சற்றுக் கீழேதான் நிற்கும்.

எஞ்சின் கால் முழுவதற்கும் பெயின்ட் அடிக்கச் சொன்ன இடத்தில் கட்டியைத் தவிர்க்கச் சொல்ல மறந்துவிட்டாய். பெயின்ட் பூசிய கட்டி வெறும் பாரம். கட்டி உட்காரும் இடமும் பளபளவென்று சுரண்டியிருக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கட்டியிலும் மறுமுனையைக் காலிலும் வைத்துப் பார், தடை பூச்சியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

இனி ஸ்டெயின்லெஸ் போல்ட். பதினெட்டாம் பக்கத்தில் "போல்டை இறுக்கவும்" என்று இரண்டே சொல்லில் தாண்டிப் போகிறாய். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போல்டை உலர்ந்தபடி இறுக்குகிறவனை என்னால் பொறுக்க முடிவதில்லை.

1984இல் டுபாயில் ஒரு பாய்மரப் படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மரப் பாய்மரம் மட்டுமே தெரிந்த எனக்கு அங்கே ஆளுயரத்துக்குப் பல மடங்கு நீண்ட அலுமினியக் கம்பங்களைக் காட்டினார்கள். ஒரு கம்பத்தில் கயிறு சுற்றும் வின்ச்சின் அடித்தட்டைக் கழற்றாமல், சுற்றிவர அழகாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் அதே கம்பம் திரும்பி வந்தது. தட்டின் ஓரம் முழுக்கப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. தட்டை எடுத்தால் உள்ளே மாவுபோல் வெள்ளைப் பொடி. திருப்புளியை வைத்து அழுத்தினேன், கம்பத்துக்குள் இறங்கிவிட்டது. எங்கள் மேஸ்திரி ஒரு கோவாக்காரர். அவர் ஒன்றும் பேசாமல் டுராலாக் என்ற மஞ்சள் பசை டின்னை என் கையில் தந்து, அந்தக் கம்பத்தின் திருகாணி அத்தனையையும் கழற்றிப் பசை பூசிப் பூட்ட வைத்தார். ஸ்டெயின்லெஸ், அலுமினியம் என்ற இரண்டு உலோகத்துக்கும் இடையில் தண்ணீர் நுழையாதபடி எதையாவது வை. கம்பத்துக்கும் எஞ்சினுக்கும் பாடம் ஒன்றேதான். அந்த வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். பெயின்டைக் கிளப்புவதும் போல்டை இறுகப் பிடிப்பதும் அதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மணலுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த எஞ்சின்களை என் முற்றத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கழுவ நல்ல தண்ணீர் இல்லை. கிணறெல்லாம் உப்பு, பவுசரில் வந்தது குடிக்க. உலர்ந்தபடி இறுக்கிய போல்ட்கள் தலை முறிந்து கையோடு வந்தன. பசையோ கிறீஸோ வைத்த எஞ்சின்கள் மட்டும் திறந்தன. கொண்டுவந்தவர்களில் சிலருக்கு அந்த எஞ்சினை விட்டால் வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. "இது திறக்காது" என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நான்.

ஆனால் மகன், மாதாமாதம் கட்டிகளைக் கழற்றி, இறைச்சிக் கடைத் தராசில் நிறுத்து, படகு படகாக எழுதி வைத்திருக்கிறாயே, அதைப் பார்த்து நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றியதில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நான் அறிந்த எந்த மேஸ்திரியும் எந்த மெக்கானிக்கும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. உன் முடிவு பிழை. உன் அட்டவணை பொன். அதை வைத்துத்தான் நான் உன் பிழையையே பிடித்தேன்.

பன்னிரண்டாம் பக்கத்தை மாற்றி எழுது. அதற்கு முன் களப்புப் படகு ஒன்றின் கட்டியைப் பொருக்குப் போகச் சுரண்டி, நிறுத்து, திரும்பப் பூட்டு. இன்னொன்றில் அலுமினியக் கட்டி போடு. வாடைக் காற்று தொடங்கிப் படகுகளைக் கரையேற்றும்போது இரண்டையும் கழற்றி நிறுத்துப் பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டுக்கு வா. டுராலாக் அரை டின் இன்னும் இருக்கிறது, உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.