வண்டியை உயர்த்துமுன்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நினைவூட்டுகிறார். சங்கத்துப் பிக்கப் வண்டியை உயர்த்த விரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். நெல் மூடை ஏற்றுவதும், நள்ளிரவில் பிரசவத்துக்குத் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதே வண்டிதான். ஆகவே இதை அழகு பற்றிய விடயமாகக் கொள்ளாமல், உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய விடயமாகவே ஆராய்வோம்.

எமது சங்கம் இதைப் பிழை விட்டே கற்றது. வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறதே என்று இளைஞர்கள் சொல்ல, ஒரு கராச்சில் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தினோம். வெறும் வண்டி மட்டமாக, எடுப்பாக நின்றது. முதல் பாரம் ஏற்றிய இரவில் பின்பக்கம் பதிந்தது, முன்விளக்குகள் மேல்நோக்கின. எதிரே வந்த சைக்கிள்காரர் கண்கூசி வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். காயம் சிறியது, பாடம் பெரியது.

1. ஏன் தாழ்ந்து நிற்கிறது?

பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் வெறுமையாக நிற்கும்போது பின்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படியே செய்யப்படுகின்றன. பாரம் ஏறியதும் பின்பக்கம் இறங்கி வண்டி மட்டமாகும். அது குறையல்ல, முன்யோசனை.

சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். வழமையான பாரத்தை ஏற்றி மீண்டும் அளவுங்கள். இடமும் வலமும் வெகுவாக வேறுபட்டால், அல்லது வெறும் வண்டியே பின்னால் தொய்ந்து நின்றால், ஸ்பிறிங் தகடு களைத்திருக்கலாம் அல்லது வெடித்திருக்கலாம், புஷ்களும் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் தேவை பழுதுபார்ப்பு. உயர்த்தும் கிட் அல்ல.

2. இரு வகைக் கிட்கள்

லெவலிங் கிட் முன்பக்கத்தை மாத்திரம் உயர்த்துவது. சுருள் ஸ்பிறிங் உள்ள வண்டியில் அதன் மேல் ஒரு வளையத்துண்டு வைக்கப்படும். முறுக்குக் கம்பி உள்ள பழைய வண்டியில் அக்கம்பி இறுக்கப்படும். செலவு குறைவு. ஆனால் அடிக்கடி பாரம் ஏற்றும் வண்டிக்கு இது பொருத்தமற்றது. காரணத்தை எமது சைக்கிள்காரர் சொல்லுவார்.

லிப்ற் கிட் நான்கு மூலைகளையும் உயர்த்துவது. நல்ல கிட்டில் அளவுக்கேற்ற ஸ்பிறிங்குகளும் சொக் அப்சோபர்களும் சேர்ந்தே வரும். வெறும் இரும்புக் கட்டைகளை மாத்திரம் வைத்து உயர்த்துவது மலிவு. ஆனால் பழைய ஸ்பிறிங் பழையதாகவே இருக்கும். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதோ, முன் அச்சுக்குக் கட்டை வைப்பதோ ஒருபோதும் கூடாது.

3. கிடைப்பதும் கிடைக்காததும்

லிப்ற் கிட்டால் சேசியும் உடலும் உயரும். மேடு பள்ளத்தில் முன்பின் பகுதிகள் முட்டுவது குறையும். ஆனால் பின் அச்சின் நடுவிலுள்ள டிபரன்சல் பெட்டி ஒரு நூலும் உயராது. அதை உயர்த்துவது பெரிய ரயர் மாத்திரமே. ரயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஒரு அங்குலம் உயரும். அப்போது வேகமானி உண்மையான வேகத்திலும் குறைவாகக் காட்டும். இழுவையும் பிறேக்கும் மந்தமாகும்.

ஏற்றக்கூடிய பாரமும் கூடாது. உற்பத்தியாளர் குறித்த மொத்த எடை, ஸ்பிறிங்கை மாத்திரமல்ல, சேசி, அச்சு, பிறேக் யாவற்றையும் சார்ந்தது. 50 கிலோ மூடைகள் 20 ஏற்றினாலே 1000 கிலோ. பின்னால் ஏறும் ஆட்களையும் அதே கணக்கில் சேர்க்கவேண்டும்.

4. இழப்பது என்ன?

இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடையிலான அகலத்தின் பாதியை, பாரமையத்தின் உயரத்தால் வகுங்கள். வரும் எண் சிறுத்தால் வண்டி எளிதில் புரளும். உதாரணமாக அகலம் 1500 மில்லிமீற்றர், பாரமையத்தின் உயரம் 700 மில்லிமீற்றர் என்றால் விடை 1.07. பாரமையம் 50 மில்லிமீற்றர் உயர்ந்தால் விடை 1.00. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டு வந்தால் அது இன்னும் குறையும். குளக்கட்டுப் பாதையில் இது சிறிய வித்தியாசமல்ல.

பிறேக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. பல பிக்கப்களில் பின்பிறேக்கின் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்ப மாற்றும் வால்வு ஒன்று, ஒரு தண்டினால் பின் அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால், பாரம் இருக்கும்போதும் வண்டி வெறுமை என்றே அது எண்ணிப் பின்பிறேக்கைக் குறைக்கும். அந்தத் தண்டைச் சரிசெய்யாமல் கராச்சை விட்டு வெளியேறாதீர்கள். முன் சில்லுக்குப் போகும் அச்சுத்தண்டின் சரிவு கூடுவதால் அதன் றப்பர் உறைகளும் விரைவில் கிழியும்.

5. தெரிவு செய்யும் முறை

வண்டி ஒரு மாதத்தில் எத்தனை நாள் எவ்வளவு பாரத்துடன் ஓடுகிறது என்று குறித்து, அந்தப் பாரத்துக்கான ஸ்பிறிங்கையே கேளுங்கள். எப்போதோ ஒருநாள் ஏற்றும் பாரத்துக்காக மிகக் கடினமான ஸ்பிறிங் பூட்டினால் வெறும் வண்டி துள்ளும், நோயாளிதான் துன்பப்படுவார். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்த எண்ணாதீர்கள். யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்குங்கள். வீல் அலைன்மன்ற், முன்விளக்கின் மட்டம், பிறேக் குழாய்களின் நீளம் மூன்றையும் பாருங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

நாங்கள் பின்னர் அந்த வளையத்துண்டுகளைக் கழற்றிவிட்டு, பின் ஸ்பிறிங்குகளைப் புதுப்பித்தோம். வண்டி இப்போது முன்போலவே முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. பாரம் ஏறியதும் மட்டமாகிறது.

கலந்துரையாடலுக்கு

1. எமது வண்டி வெறுமையாகவும் பாரத்துடனும் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? அளந்தோமா?
2. எமக்கு வேண்டியது உயரமா, புதிய ஸ்பிறிங்கா, அல்லது பாரத்தைக் குறைப்பதா?
3. வண்டியின் பின்னால் ஏறுவோரின் பாதுகாப்புக்கு எமது சங்கத்தில் யார் பொறுப்பு?