முப்படைக்கும் ஒரே காமஃபிளாஜ் சீருடையா? விவாதத்தில் எதைப் பேசுவது?

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். ராணுவ அதிகாரி ஆவதற்கான எஸ்.எஸ்.பி. தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். பயிற்சி வகுப்பில் நடந்த குழு விவாதத்தில் ‘முப்படைக்கும் ஒரே காமஃபிளாஜ் சீருடை இருக்கலாமா?’ என்ற தலைப்பு கொடுத்தார்கள். பாதிப் பேர் ‘செலவு மிச்சம்’ என்றார்கள். மீதிப் பேர் ‘அந்தந்தப் படையின் பெருமை என்ன ஆவது?’ என்றார்கள். இருபது நிமிடமும் இதிலேயே போய்விட்டது. இந்தத் தலைப்பு மறுபடி வந்தால் எப்படிப் பேச வேண்டும்?

பதில்: உங்கள் வகுப்பில் இரண்டு தரப்பும் பேச மறந்த ஒருவர் இருக்கிறார். அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு எதிரியின் பார்வைக்கு எட்டும் தூரத்தில் நிற்கப் போகிறவர். செலவும் பெருமையும் முக்கியம்தான். ஆனால் காமஃபிளாஜ் துணி பிறந்ததே அவர் எதிரியின் கண்ணில் படாமல் இருப்பதற்காக. பேச்சை அவரிடமிருந்து தொடங்குங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மண்ணில் நிற்பவர்கள் எந்தப் படையைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் ஒரே டிசைன்தான் அணிய வேண்டும். வேலையும் ஆபத்தும் வேறாக இருக்கும் இடத்தில், கப்பலில் இருப்பதுபோல, உடையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். படையின் அடையாளத்துக்கு நெஞ்சுப் பட்டையும் அணிவகுப்பு உடையும் இருக்கின்றன. இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லாமல் ஆதாரத்தோடு சொல்ல அமெரிக்காவின் அனுபவம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

அமெரிக்காவில் நடந்தது

1981 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அமெரிக்கத் தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன் படை எல்லோருக்கும் காட்டுக்கு ஒரே பச்சை டிசைன்தான். பாலைவனத்துக்கு வேறொன்று, அதுவும் பொது. 2002இல் மரைன் படை தனக்கென்று சிறு சிறு சதுரங்களால் ஆன ‘மார்பேட்’ என்ற டிஜிட்டல் டிசைனைக் கொண்டுவந்தது. நன்றாக உழைத்து, சோதித்து உருவாக்கிய டிசைன் அது. அதன்பின் ஒவ்வொரு படையும் தனக்கு ஒன்று வேண்டும் என்று கிளம்பியது. 2002க்குப் பிறகு வந்த புதிய காமஃபிளாஜ் சீருடைகள் ஏழு என்று அந்நாட்டு அரசின் கணக்காய்வு அமைப்பான ஜி.ஏ.ஓ. 2012இல் எழுதியது.

இவற்றில் நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டியது தரைப்படையின் ‘யு.சி.பி.’ டிசைன். 2005 வாக்கில் வீரர்களுக்கு வந்து சேர்ந்தது. காடு, பாலை, நகரம் மூன்றுக்கும் ஒரே துணி என்பதுதான் அதன் நோக்கம். மூன்றுக்கும் நடுவாக ஒரு சாம்பல் பச்சையைத் தேர்ந்தெடுத்தார்கள், கறுப்பையே சேர்க்கவில்லை. விளைவு, எந்த இடத்தோடும் அது ஒட்டவில்லை. பக்கத்தில் பார்த்தால் சதுரங்கள் தெளிவாகத் தெரியும். தள்ளிப் போகப் போக அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே வெளிறிய நிறமாகிவிடும். புதர் நிழலில் படுத்திருக்கும் ஆளின் தோளும் தலையும் அப்படியே வரைந்து காட்டியதுபோல் தெரியும். காமஃபிளாஜ் செய்ய வேண்டியது இதற்கு நேரெதிரான வேலை: மனித உருவத்தின் விளிம்பை உடைக்க வேண்டும். ஆப்கானிஸ்தானில் இது கண்கூடாகத் தெரிந்தபின், 2010இல் அங்கே போகும் படையினருக்கு மட்டும் ‘மல்டிகேம்’ என்ற வேறு டிசைன் கொடுத்தார்கள். 2015 முதல் தரைப்படை முழுவதும் ஓ.சி.பி. என்ற புது டிசைனுக்கு மாறத் தொடங்கியது.

இங்கே ஒரு குழப்பத்தை நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். ‘பார்த்தீர்களா, ஒரே சீருடை தோற்றுப்போனது’ என்று யாராவது யு.சி.பி.யைக் காட்டிப் பேசுவார்கள். எல்லா நிலத்துக்கும் ஒரே துணி என்பது வேறு, எல்லாப் படைக்கும் ஒரே துணி என்பது வேறு. தோற்றது முதலாவது. இரண்டாவது இருபது ஆண்டுகள் குறையில்லாமல் நடந்திருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிரித்துச் சொன்னாலே விவாதம் உருப்படியான பாதைக்கு வந்துவிடும்.

ஒன்றாக நிற்கும்போது வேறாகத் தெரிவது ஆபத்து

ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் கடற்படையினரும் விமானப்படையினரும் தரைப்படையோடு சேர்ந்து சாலையில் ரோந்து போனார்கள். பத்துப் பேர் ஒரு நிறத்தில், ஒருவர் மட்டும் வேறு நிறத்தில் என்றால், தொலைவிலிருந்து குறிபார்ப்பவன் கண் முதலில் அவர்மேல்தான் விழும். ‘இவர் யாரோ முக்கியமானவர், வெடிகுண்டு நிபுணராகவோ விமானத்தை அழைப்பவராகவோ இருப்பார்’ என்று அவன் ஊகிக்கவும் முடியும். படைகள் தனித்தனியாகச் சீருடை உருவாக்குவது களத்தில் வீரர்களின் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று ஜி.ஏ.ஓ.வும் எச்சரித்தது. செலவு மிச்சம் என்பதைவிட இதுதான் பொதுச் சீருடைக்கு வலுவான வாதம்.

கப்பலுக்கு வேறு கணக்கு

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை நீங்களே எடுத்துச் சொன்னால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

அமெரிக்கக் கடற்படை 2000களின் இறுதியில் நீல நிற டிஜிட்டல் சீருடை ஒன்றைக் கொண்டுவந்தது. பாதி நைலான், பாதி பருத்தி கலந்த துணி. உறுதியானது, சீக்கிரம் கிழியாது, கறை தெரியாது. ஆனால் தீயைத் தாங்கும் பதப்படுத்தல் அதற்கு இல்லை. 2012இல் கடற்படையே நடத்திய சோதனையில், நெருப்புப் பட்டதும் அது எரிந்து, உருகி, பிசுபிசுப்பாகச் சொட்டியது. உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டால் தீக்காயம் இன்னும் ஆழமாகும். கப்பலில் ஒரு மாலுமிக்கு முதல் எதிரி தீ. எஞ்சின் அறையிலோ ஆயுதக் கிடங்கிலோ தீப்பிடித்தால் ஓட இடமில்லை, அணைத்தே ஆக வேண்டும். அங்கே அவர் யார் கண்ணிலும் படாமல் மறைய வேண்டிய தேவையே இல்லை. பிறகு கப்பலில் தீ தாங்கும் உடை வந்தது. அந்த நீலச் சீருடை 2019 அக்டோபரோடு விடைபெற்றது.

பிரிட்டன் இதை ஒழுங்காகச் செய்தது. 2010இல் தரையில் பணிபுரியும் மூன்று படையினருக்கும் எம்.டி.பி. என்ற ஒரே டிசைன் வந்தது. கப்பலில் பணிபுரிபவர்களுக்குத் தனியாகத் தீ தாங்கும் நீல உடை. யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை, அவரவர் ஆபத்துக்கு ஏற்ற துணி கிடைத்தது.

பெருமையை எங்கே வைப்பது?

‘சீருடை எங்கள் உயிர்’ என்று ஒரு வீரர் சொன்னால் அதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். மரைன் படை தன் கழுகு, உலகம், நங்கூரச் சின்னத்தை மார்பேட் டிசைனுக்குள்ளேயே சிறிதாகப் பொதித்து வைத்திருக்கிறது. இன்றுவரை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்காக உயிரைக் கொடுக்கும் மனம் இப்படிப்பட்ட பற்றிலிருந்தும் வருகிறது.

ஆனால் அந்தப் பற்றைக் காட்ட நிறமும் டிசைனும்தான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் இன்று தரைப்படை, விமானப்படை, விண்வெளிப்படை மூன்றும் அதே ஓ.சி.பி. துணியைத்தான் அணிகின்றன. நெஞ்சில் இருக்கும் பெயர்ப்பட்டையைப் பாருங்கள். தரைப்படைக்குக் கறுப்பு நூல் எழுத்து, விமானப்படைக்குப் பழுப்பு நூல், விண்வெளிப்படைக்கு நீல நூல். கைகுலுக்கும் தூரத்தில் யார் எந்தப் படை என்று தெரியும்; துப்பாக்கி குறிபார்க்கும் தூரத்தில் தெரியாது. நமக்கு வேண்டியதும் அதுதானே? 2020 ஜனவரியில் விண்வெளிப்படையின் சீருடை வெளியானபோது ‘விண்வெளியில் எதற்குப் பச்சை?’ என்று பலர் கேலி செய்தார்கள். தங்கள் வீரர்கள் தரையில், மற்ற படையினரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள், இருக்கும் சீருடையைப் பயன்படுத்தினால் புதிதாக உருவாக்கும் செலவு இல்லை என்று அந்தப் படை பதில் சொன்னது. அந்தப் பதில் சரியானது.

பணத்தைக் கடைசியாகப் பேசுங்கள், ஆனால் பேசுங்கள்

சட்டை, பேன்ட் மட்டும் மாற்றினால் போதாது. குண்டு துளைக்காத கவசம், முதுகுப்பை, தோட்டா உறை, தலைக்கவச உறை எல்லாம் அதே டிசைனில் வேண்டும். 2003இல் ஈராக்குக்குள் நுழைந்தபோது பழுப்புச் சீருடைமேல் பச்சைக் கவசம் அணிந்த வீரர்களைப் புகைப்படங்களில் பார்க்கலாம். பாலைவன நிறத்தில் கவசம் போதவில்லை. தரைப்படை புது டிசைனுக்கு மாற, கவசம் உள்ளிட்டவற்றோடு ஐந்து ஆண்டுகளில் 400 கோடி டாலர்வரை ஆகலாம் என்பது ஜி.ஏ.ஓ. அறிக்கையில் உள்ள கணக்கு. 2013 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம், சில விலக்குகளோடு, எந்தப் படையும் இனித் தனக்கென்று மட்டும் புது டிசைன் எடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

டிசைனை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆப்கான் ராணுவத்துக்கு அமெரிக்கப் பணத்தில் வாங்கிய சீருடை ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமான காட்டு டிசைன். அந்த நாட்டில் காடு 2.1 சதவீதம்தான். அங்குள்ள நிலத்துக்குப் பொருந்துமா என்று சோதிக்காமலே வாங்கியதால் 2.8 கோடி டாலர்வரை கூடுதலாகச் செலவானதாக 2017இல் அமெரிக்கக் கண்காணிப்பு அதிகாரியின் அறிக்கை சொன்னது.

நம் நாட்டுக்கு வந்தால்

நம் தரைப்படை 2022 ஜனவரி 15இல் புதிய டிஜிட்டல் சீருடையை அறிமுகம் செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 8இல் விமானப்படை தனியாக இன்னொன்றை அறிமுகம் செய்தது. காஷ்மீரில் விமானப்படையின் கருட் கமாண்டோக்கள் தரைப்படையோடு சேர்ந்து நடவடிக்கையில் இறங்கியிருக்கிறார்கள். கடற்படையின் மார்கோஸ் வீரர்கள் வுலர் ஏரிப் பகுதியில் பணியாற்றியிருக்கிறார்கள். மூன்று படையும் ஒரே மண்ணில் நிற்கும் காட்சி நமக்கும் புதிதல்ல. அடையாளத்தை விட்டுக்கொடுப்பதும் புதிதல்ல. 2023 ஆகஸ்ட் 1 முதல் தரைப்படையில் பிரிகேடியரும் அதற்கு மேற்பட்டவர்களும் தங்கள் ரெஜிமென்ட் வேறுபாடுகளை விட்டுப் பொதுச் சீருடை அணிகிறார்கள்.

விவாதத்தில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. அணிபவர் எந்த நிலத்தில் நிற்பார்? அங்கே அவரோடு வேறு எந்தப் படையினர் நிற்பார்கள்?

2. அவரைக் கொல்லக்கூடியது எது? எதிரியின் கண்ணா, தீயா, குளிரா?

3. இரவில் என்ன ஆகும்? இரவுநோக்கிக் கருவி அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கிறது. துணியின் சாயம் அந்த ஒளியிலும் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போக வேண்டும். ‘பளிச்’ வெண்மைக்கான ரசாயனம் சேர்ந்த சோப்புத்தூளில் துவைத்தாலும் கஞ்சி போட்டுத் தேய்த்தாலும் அந்தக் குணம் கெட்டுவிடும்.

4. கவசமும் பையும் அதே டிசைனில், அதே நாளில் கிடைக்குமா?

5. நிலத்தில் சோதித்தார்களா, மேஜையில் வைத்துப் பார்த்துப் பிடித்ததா?

எஸ்.எஸ்.பி. குழு விவாதத்தில் வெற்றி தோல்வி கிடையாது, குழு ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள், அடுத்தவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிறீர்களா என்பதைத்தான் அதிகாரி கவனிக்கிறார். ‘செலவு’, ‘பெருமை’ என்று இரு தரப்பும் மோதிக்கொள்ளும்போது குறுக்கிட்டு, “இதை அணியப்போகிறவர் எங்கே நிற்கிறார் என்று முதலில் பார்ப்போமா?” என்று கேளுங்கள். நாளை அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்களாகவோ உங்கள் கட்டளையை நம்பி வரும் வீரராகவோ இருக்கலாம். அவர் உயிரோடு வீடு திரும்ப எது உதவுமோ, அந்தப் பக்கம் பேசுங்கள்.