விமான மாடலுக்கு உலோகப் பளபளப்பு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பி-51டி மஸ்டாங், எஃப்-86 சேபர் போன்ற விமானங்கள் பல பெயிண்ட் பூசாத அலுமினிய உடம்போடு பறந்தவை. பிளாஸ்டிக் மாடலில் அந்த மினுக்கைக் கொண்டுவந்துவிடலாம். அது உரியாமல் நிற்பதுதான் பெரும்பாடு. மாஸ்கிங் டேப்போடு பூச்சும் கையோடு வந்ததைப் பார்த்து, மாதக்கணக்கில் செய்த மாடலையே மூலையில் போட்டவர்கள் உண்டு. உங்களுக்கு அது நேர வேண்டாம். இன்று ஏர்பிரஷ்ஷைத் தொடுமுன் இவற்றைப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

• பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

• பட்டி வைத்த இடங்களை 2000-ம் நம்பர் உப்புத்தாள் வரை, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பச்சையும் சாம்பலும் மூடிவிடும் கீறலை வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும். பாதி வேலை இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

• ஆல்கிளாட் என்ற உலோக நிற லாக்கர் பெயிண்டில் குரோம், பாலிஷ்டு அலுமினியம் போன்ற வகைகளுக்குக் கீழே கிளாஸ் பிளாக் (பளபளப்பான கறுப்பு) அடியுங்கள். அடிப்பூச்சு எவ்வளவு வழவழப்போ, அவ்வளவுதான் மேலே மினுக்கம்.

• அந்தக் கறுப்பை முழுதாகக் காயவிடுங்கள். மோந்து பாருங்கள், பெயிண்ட் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை. டேப்போடு உரிந்து வரும் பூச்சுகளில் பலவும் இந்தப் பொறுமையின்மையால் வருபவை.

• பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். உலோகத் துகள் அடியில் படிந்துகிடக்கும்.

• ஆல்கிளாட்டை 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் துகள்கள் மிதந்து திட்டுத்திட்டாகும்.

• முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் எல்லாப் பூச்சையும் அடித்துப் பாருங்கள். கெட்டால் ஸ்பூனோடு போகும்.

• நிஜ விமானத்தின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். மஸ்டாங்கின் உடல்தான் வெறும் அலுமினியம். இறக்கையில் காற்று வழுக்கிப் போக வேண்டும் என்று தொழிற்சாலையிலேயே இணைப்புகளைப் பட்டியால் நிரப்பி வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். ஆகவே உடலுக்கு மினுக்கம், இறக்கைக்கு மங்கலான வெள்ளி. வால் சுக்கான் துணி போர்த்தியது, அதுவும் மினுங்கக்கூடாது.

• லாக்கர் அடிக்கும்போது ஆவியை வடிகட்டும் மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் தூசியைத் தடுக்கலாம். தின்னர் ஆவியைத் தடுக்காது.

செய்யக்கூடாதவை

• அரைகுறையாகக் காய்ந்த எனாமல் மேல் லாக்கரை ஈரமாக அடிக்காதீர்கள். அடிப்பூச்சு சுருங்கி வெடிக்கும்.

• அடித்து முடித்ததை வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் ரேகை அப்படியே பதியும். நைட்ரைல் கையுறை போடுங்கள்.

• டேப்பை நேராக மேலே பிடுங்காதீர்கள். ஒட்டுமுன் கண்ணாடியில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பிசுபிசுப்பைக் குறையுங்கள். எடுக்கும்போது பின்னால் மடித்து மெதுவாக இழுங்கள். குரோம் மேல் டேப்பே வேண்டாம், அந்தப் பூச்சு சீக்கிரம் தேயும்.

• மழை ஈரம் கனத்த நாளில் லாக்கர் அடிக்காதீர்கள். பூச்சில் வெண்மை பூக்கும்.

• பழக்கதோஷத்தில் மாடல் முழுக்க கிளியர் கோட் அடிக்காதீர்கள். பாதுகாப்பு கூடும், உலோகத் தோற்றம் மங்கும். டீகால் வைக்கும் இடத்துக்கும் கை படும் இடத்துக்கும் மட்டும் போதுமா என்று ஸ்பூனில் பார்த்து முடிவெடுங்கள்.

• பேனலுக்குப் பேனல் நிறம் மாற்றிச் சதுரங்கப் பலகை ஆக்காதீர்கள். படத்தில் தெரியும் இரண்டு மூன்று வித்தியாசமே நம்பும்படி இருக்கும்.

• ஏர்பிரஷ்ஷை அரைகுறையாகக் கழுவி வைக்காதீர்கள். ஊசியிலும் நாசிலிலும் தங்கிய துகள் அடுத்து அடிக்கும் நிறத்தில் கலந்து வரும்.