ஊர்ப் பள்ளிக்கு நிதியுதவி கேட்கப் போகிறீர்களா?

நூலக அலமாரி, குடிநீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு போன்ற சின்னத் தேவைகளுக்கும் உதவி கிடைக்கும். கேட்கும் முறைதான் முக்கியம்.

● தேவையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

● தமிழக அரசுப் பள்ளி என்றால், 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவலாம். தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.

● 2013 கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். பக்கத்து ஊர் ஆலையை அணுகத் தயங்காதீர்கள்.

● அந்த சிஎஸ்ஆர் நிதியைத் தொண்டு நிறுவனம் பெற வேண்டுமானால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் தேவை.

● 'பள்ளி மேம்பாட்டுக்கு' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தப் பொருள், என்ன விலை, எத்தனை பிள்ளைகளுக்குப் பயன் என்று ஒரே பக்கத்தில் எழுதி, கடையின் விலைப்புள்ளியை இணையுங்கள்.

● பணி முடிந்ததும் ரசீது, புகைப்படம், பயன்பாட்டுச் சான்றிதழ் மூன்றையும் தாமதமின்றி அனுப்புங்கள். கணக்கு நேராக இருந்தால், அடுத்த முறை கேட்பது எளிது.