மலைநாட்டுச் சொந்தங்களின் வீட்டில் குளிர்கால விடுமுறை

தமிழ்நாட்டில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், வால்பாறைப் பக்கம் வாழும் பல குடும்பங்களுக்கு வெளிநாட்டுச் சொந்தம் என்றால் அது இலங்கையின் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாத் தோட்டங்களில் இருக்கும் சொந்தம்தான். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டன. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்ட அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினார். போடாத தம்பி தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே இருந்துவிட்டார். கப்பல் போக்குவரத்து 1984-இல் நின்றது. இலங்கையின் உள்நாட்டுப் போர் முடியும்வரை தொடர்பு கடிதத்தோடு சரி. இப்போது பேரப்பிள்ளைகள் கைபேசியில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, பள்ளி விடுமுறையில் போய் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் டிசம்பர், ஜனவரியில் வருவதால், பெரும்பாலான பயணங்கள் மலைநாட்டின் கடுங்குளிரில்தான் நடக்கின்றன.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. கொழும்பில் 28 பாகையாக இருக்கும் பகலில் இங்கே 16, 17 பாகைதான் இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவது வழக்கம். ஜனவரி, பிப்ரவரியில் மேகமோ காற்றோ இல்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடும். விடியும்போது புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் துகள் உறைபனி படிந்திருக்கும். அப்படிப்பட்ட நாளில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், முகமும் உதடும் வெடிக்கும். காலையில் கம்பளித் தொப்பியும் நண்பகலில் மெல்லிய சட்டையுமாக உடுப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய ஊர் இது. ஹட்டன் இதைவிடத் தாழ்வான இடம், குளிரும் குறைவு. ஆனால் மழையும் ஈரமும் அங்கே அதிகம். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர் என்பதால் நீலகிரியிலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் குளிர் பழகியதாகவே இருக்கும். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போகிறவர்கள்தான் உண்மையாகத் தயாராக வேண்டியவர்கள்.

பயணத்துக்கு விமானமே நம்பகமானது. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும் என்பதால், குளிர்காலப் பயணத்தை அதை நம்பி வகுக்கக் கூடாது. காங்கேசன்துறையில் இறங்கினாலும் மலைநாட்டுக்கு நீண்ட தரைவழிப் பயணம் காத்திருக்கும். இலங்கைக்கான இணையவழி நுழைவு அனுமதியின் விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அரசின் தளத்தில் பார்த்துவிட வேண்டும். தங்கும் முகவரியைக் கேட்கும் இடத்தில் உறவினரின் தோட்டம், தோட்டப் பிரிவான டிவிசன், அஞ்சல் நகரம் மூன்றையும் சரியாக எழுத வேண்டும். மலைநாட்டில் முகவரி என்பது இந்த மூன்றும்தான்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வேனில் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். கினிகத்தேனை வழியாக ஏறினாலும் கண்டி, ரம்பொடை வழியாக ஏறினாலும் வளைவுகள் ஓயா. குழந்தைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்து ஏற்றினால் பாதி வழியில் வாந்தி நிச்சயம். மாலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிரே வரும் லாரிகூடத் தெரியாது. ஆகவே இரவு விமானத்தில் இறங்குகிறவர்கள் கொழும்புப் பக்கம் தங்கிவிட்டுக் காலையில் மலையேறுவதே நல்லது. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை போகும் ரயிலில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று தோட்டங்களின் ஊடாகவே போகலாம். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகள் இந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தன. ரயில் எதுவரை ஓடுகிறது என்பதை அந்தந்த வாரம் உறவினரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போகும் பாதை மண் சரிந்து கிடக்கிறதா, எந்தச் சந்தியில் இறங்குவது என்பதும் அவர்களுக்கே தெரியும்.

விருந்தாளிகள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது வீட்டின் அளவை. பழைய லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது காம்பரா என்ற ஒற்றை அறை, பின்னால் சமையலறை, முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு திண்ணை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஐந்தாறு பேர் படுப்பார்கள். இந்திய உதவியில் கட்டப்பட்ட தனி வீடுகளும் இப்போது உண்டு. முதலில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீடென்றாலும் எட்டுப் பேர் சேர்ந்தாற்போல் வந்து இறங்குவதற்கு அது தாங்காது. பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் உறவினர் வீட்டில், மற்றவர்கள் அருகிலுள்ள நகரத்து விடுதியில் என்று பிரிந்து படுத்து, பகலிலும் சாப்பாட்டிலும் ஒன்றாக இருப்பதே இரு தரப்புக்கும் சுகம். விடுதியில் தங்குவதை உறவினர் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடும். அதைப் புறப்படுவதற்கு முன்பே, வீட்டில் மூத்தவர் வாயால் சொல்லிவிட்டால் வருத்தம் வராது. முதல் இரவு மட்டும் எல்லோரும் நெருக்கியடித்து வீட்டிலேயே படுத்துவிட வேண்டும். அந்த ஓரிரவை மறுப்பது முறையல்ல.

சிமெண்டுத் தரையின் குளிர் கீழிருந்து ஏறும். மேலே மூன்று கம்பளி போர்த்தினாலும் அடியில் வெறும் பாய் என்றால் இடுப்பும் முதுகும் விறைத்துப்போகும். சாக்கு, அட்டைப்பெட்டி, பழைய போர்வை என்று எதையாவது அடியில் தடிப்பாக விரித்து அதன்மேல் பாய் போட வேண்டும். சுருட்டி எடுத்துப்போகும் நுரைப் படுக்கை ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தால் மிக நல்லது, திரும்பும்போது அங்கேயே கொடுத்துவிட்டும் வரலாம். போர்வை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நல்ல கம்பளிகளையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டார் சேலையைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். கேட்டால் பழகிவிட்டது என்பார்கள். ஆகவே ஆளுக்கொரு கம்பளி கையோடு வர வேண்டும். தகரக் கூரையில் இரவு ஈரம் கோத்து விடிகாலையில் சொட்டும் என்பதால், பெட்டிகளைச் சுவரோரம் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைப்பது அவசியம்.

உடுப்பில் ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். உள்ளே உடலோடு ஒட்டிய சட்டை, நடுவில் கம்பளிச் சுவெட்டர், வெளியே காற்றும் தூறலும் புகாத மேலுடுப்பு. ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு மூன்று நாளுக்குக் காயாது. காலுறையை மட்டும் தாராளமாக எடுத்துப் போக வேண்டும். ஈரக் காலுறையோடு ஒரு குழந்தை பகல் முழுதும் திரிந்தால் இரவில் இருமல் ஆரம்பிக்கும். நுவரெலியா நகரத்துக் கடைகளில் குளிராடைகள் மலிவாகவே கிடைப்பதால், வெயில் ஊரில் அதிக விலைக்கு வாங்கிப் பெட்டியை நிரப்பத் தேவையில்லை.

குளியல் பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில். மலைக் குழாயில் வழியும் பீலித் தண்ணீர் காலையில் எலும்பைக் குடையும். வந்தவர்கள் எல்லோருக்கும் வெந்நீர் போட ஒரு கட்டு மிளாறு எரிந்துவிடும். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் அந்த மிளாறை மலையிலிருந்து தலையில் சுமந்து வருகிறவர்கள் வீட்டுப் பெண்கள்தான். ஒன்றுவிட்டு ஒரு நாள் குளிப்பதில் குறையொன்றுமில்லை. சமையலும் இங்கே மெதுவாகத்தான் நடக்கும். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பும் கடலையும் வேக நேரம் பிடிக்கும். பிரஷர் குக்கர் ஒன்றைப் பரிசாகக் கொண்டுபோனால் அது விறகையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

வெந்நீர்க் கம்பி, மின்கணப்பு போன்றவற்றை எடுத்துப் போக வேண்டாம். லயத்து மின்வயர்கள் அவ்வளவு பாரத்தைத் தாங்குவதற்காக இழுக்கப்பட்டவை அல்ல. அதைவிட ஆபத்து, குளிருக்கு இதமாகக் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது. கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். சூடு வேண்டுமானால் அடுப்படியில் உட்கார்ந்து குளிர்காய்ந்துவிட்டு, படுக்கைக்கு வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை ஒன்றை எடுத்துக்கொள்வது போதும்.

இந்த உயரத்தில் மலைநோய் வருவது அரிது. தொந்தரவு தருபவை குளிர்ந்த காற்றும் விறகுப் புகையும்தான். மூச்சிழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலரையும் மருந்துச் சீட்டையும் மறக்காமல் கொண்டுபோக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலங்கைக் குடிமக்களுக்குச் சிகிச்சை இலவசம். நுவரெலியாவில் மாவட்டப் பொது மருத்துவமனை உண்டு. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டி 2017-இல் திறந்த மருத்துவமனை ஹட்டன் பக்கத்தாருக்குக் கைகொடுக்கிறது. 1990 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமில்லாத ஆம்புலன்ஸ் வரும். மேட்டு லயங்களுக்கு வண்டி ஏறாத பாதைகள் உண்டு என்பதால், நோயாளியை எந்த இடம்வரை தூக்கிவர வேண்டும் என்று வீட்டாரிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம் வீட்டாரின் பேர், அதாவது அன்றாடக் கூலிக் கணக்கு. தோட்டத்தில் நாட்கூலிதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்து, சொன்ன நிறைக்குக் கொழுந்து கொடுத்தால்தான் முழுச் சம்பளம், குறைந்தால் அரைப்பேர். விடியுமுன்பே எழுந்து காலைக்கும் பகலுக்கும் ரொட்டியும் சம்பலும் செய்து வைத்துவிட்டு, இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் அத்தையும் அக்காவும். விருந்தாளி வந்திருக்கிறார் என்று நான்கு நாள் வேலைக்குப் போகாமல் இருந்தால் மாதக் கணக்கில் பெரிய ஓட்டை விழும். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தால் ஞாயிறு முழுதும் கிடைக்கும். வார நாட்களில் "நீங்க வேலைக்குப் போங்க அத்தை, சாயந்திரம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டு, அன்றைய சமையலை விருந்தாளிகளே ஏற்றுக்கொள்வதுதான் முறை. வரும் வழியில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கோதுமை மாவு, பருப்பு, சீனி, பால்மா, டின்மீன், தேங்காய் எண்ணெய் என்று வாங்கிவந்து அடுப்படியில் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கடையில் கடன் எழுதிக் கோழியடித்துப் போடுவார்கள். பணமாகக் கொடுக்க நினைப்பதைப் புறப்படும்போது பிள்ளைகள் கையில் கொடுப்பது வழக்கம், யாரும் மறுக்க முடியாது.

சுற்றிப் பார்க்க நிறைய உண்டு: 1873-இல் ஆளுநர் கிரகரி காலத்தில் உருவான நுவரெலியா ஏரி, சின்கோனா வளர்க்க 1861-இல் தொடங்கிய ஹக்கலைத் தாவரவியல் பூங்கா, சீதாஎலிய சீதையம்மன் கோயில், தலவாக்கலை வழியில் டெவன், சென்கிளேயர் அருவிகள். பல இடங்களில் வெளிநாட்டவர்க்குக் கட்டணம் கூடுதல். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பக்கத்தில் இருந்தும் அந்த ஏரியில் படகேறாத பிள்ளைகள் தோட்டங்களில் இருக்கிறார்கள். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாதப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவம். 2,243 மீட்டர் உயரம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறுவார்கள். உச்சியில் வியர்த்த உடலோடு சூரிய உதயத்துக்குக் காத்திருக்கும் நேரம்தான் குளிர் கொல்லும். உலர்ந்த மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

பேச்சில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "அப்போதே இந்தியாவுக்கு வந்திருக்கலாமே" என்று கேட்கக் கூடாது. 1948-இல் குடியுரிமை பறிபோய், 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடற்றவர்களாகவே இருந்தவர்கள் அந்த வீடுகளில் உண்டு. அப்படியிருந்தும் அந்த மண்ணிலேயே வாழ்ந்து, பிள்ளைகளை ஆசிரியர்களாகவும் தாதியராகவும் ஆக்கிய குடும்பங்கள் அவை. அதே போல, கப்பலேறிப் போனவர்கள் மண்டபம் முகாமிலும் நீலகிரித் தோட்டங்களிலும் பட்ட பாட்டை அங்குள்ளவர்கள் முழுதாக அறிய மாட்டார்கள். இரண்டையும் பொறுமையாகக் கேட்கவும் சொல்லவும் இரவில் அடுப்படியைப் போன்ற இடம் வேறில்லை. வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் இருந்தால் பெரியவர்கள் நள்ளிரவு வரை பேசுவார்கள்.

அவர்கள் சொல்வதைக் குழந்தைகள் எழுதிக்கொள்ளட்டும்: யார் எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில் பிறந்தார்கள், யார் எந்த ஆண்டில் கப்பலேறினார்கள், தமிழ்நாட்டில் பூர்வீகக் கிராமம் எது என்பதை. உங்கள் வீட்டில் இருக்கும் பழைய கல்யாணப் படங்களுக்குப் படி எடுத்து உறைபோட்டுக் கொண்டுபோக வேண்டும். 1960-களில் இளைஞர்களாகப் பிரிந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கிவிட்டார்கள், பலர் கடந்தும்விட்டார்கள். அண்ணனோ தங்கையோ இன்னும் ஒருவர் அங்கே உயிரோடு இருக்கிறார் என்றால், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் வருகிற பொங்கலுக்கே புறப்படுங்கள்.